விதானை கட்டச் சொன்ன மாடு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வட்டவிதானையைப் போல நியாயமான மனிதர் கிடையாது. நியாயத்தாலேயே ஆட்களைப் பைத்தியமாக்கக்கூடியவரும் வேறு கிடையாது.

வட்டை எனப்படும் வயல்வெளியில் தண்ணீர்ச் சண்டையும் மாட்டுச் சண்டையும் தீர்ப்பவரே வட்டவிதானை. எங்கள் விதானைக்கு அது பட்டப்பெயர்தான்; அந்தப் பதவியை எட்டியும் பார்த்ததில்லை. ஏறாவூரில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். கூடவே, இணையத்தளப் பெயர்களை வாங்கி விற்கும் எங்கள் சின்ன மன்றத்தையும் இணையத்தில் நடத்துகிறார். அங்கே பிணக்கு வந்தால், தனக்குத் தெரிந்த ஒரே சட்டமான வயல் சட்டத்தை எடுப்பார்.

ஒருவர் தளப் பெயரை விற்ற பிறகும் பழைய வாடிக்கையாளரின் மின்னஞ்சல்கள் அதற்கே வந்தன. அவை யாருக்குச் சேரும்? “நிக்கிற பயிர் விதைச்சவனுக்கு. அறுவடை முடியட்டும், வாங்கினவர் பிறகு இறங்கலாம்” என்று எழுதினார் விதானை. விற்றவரும் வாங்கியவரும் கொழும்பில் வளர்ந்தவர்கள். பயந்துபோய் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு முறை, கட்டாரில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவரோடு, ஏலம் முடிந்தது கட்டார் நேரப்படியா, இலங்கை நேரப்படியா என்று சண்டை. “வயல் கிடக்கிற இடத்து நேரம்தான்” என்றார். தளப் பெயர் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு அப்படியே வற்றிப்போனது.

காத்தான்குடியில் கலியாண உடுப்பு விற்கும் பர்ஸானா, தன் தளப் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். வாழைச்சேனைப் பையன் ஒருவன் அதைக் கவ்விக்கொண்டு பத்து மடங்கு விலை சொன்னான். மன்றத்தில் அவன் பெயரே சுறா. விதானை இருவரையும் கடைக்கு அழைத்தார். அன்று வியாழக்கிழமை. அவர் வெள்ளி என்பார். நான் சொல்வதே சரி, ஏனென்றால் கைபேசிக் கண்ணாடி மாற்ற நானும் அங்கே காத்திருந்தேன்.

“பெருநாள் ஓடர் எல்லாம் இவர்ட வெத்துப் பக்கத்துக்குப் போகுது, காக்கா. தைச்சதெல்லாம் வீட்டில கிடக்கு” என்றார் பர்ஸானா. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

“காலாவதியான பேரை முறையா வாங்கினன். என்ன பிழை?” என்றான் சுறா.

விதானை திருகு முறுக்கும் திருப்புளியைக் கையிலிருந்து விடாமலே கேட்டார்: “மனே, உன்ட வயலுக்க ஆர்ட மாடோ வந்திட்டு. என்ன செய்வாய்?”

“எனக்கு வயல் இல்ல. தோணிதான்.”

“கட்டோணும். தண்ணியும் வைக்கலும் வைக்கோணும். உடையவன் வந்தா வைக்கல் காசை மட்டும் வாங்கிட்டு அவிழ்க்கோணும்.”

“காக்கா, இது டொமைன்! மாடில்ல!”

“அதான் வாயில்லாம நிக்குது.”

சுறா கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் கதை மன்றத்தில் பரவிவிட்டது; அதன்பின் அங்கே அவன் எதை விற்க வந்தாலும் கீழே ஒரு கேள்வி விழுந்தது: “மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டியா?” கட்டாரிலிருந்துகூடக் கேட்டார்கள். பெருநாளுக்கு முன்பே, பதிவுக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பெயரை அவிழ்த்துவிட்டான். பெருநாளன்று அவன் வீட்டுக்குப் பர்ஸானா செய்த இனிப்பு வட்டிலப்பம் போனது.

போன மாரியில் விதானை நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மன்றத்தின் தளப் பெயரே காலாவதியாகி, மன்றம் காணாமல் போனது. யார் பிடித்தது என்று தேடினோம். சுறா! இந்த முறை எத்தனை மடங்கு கேட்பான் என்று கணக்குப் போடத் தொடங்கினோம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரே வரி: “மாட்டைக் கட்டித் தண்ணி வச்சிருக்கன், காக்கா. ஆறுதலா எழும்பி வாங்க.”

கட்டிலருகே போய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார்.

“தண்ணி மட்டுமா? வைக்கல் எங்க?” என்று அதட்டினார்.

பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை; அதில் மட்டும் யாரும் என்னோடு வாதாட வேண்டாம்.