கிரேன் அக்காவின் குதிரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பைக் வாங்கியவர்கள் உண்டு, கார் வாங்கியவர்கள் உண்டு. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய்க் குதிரை வாங்கியது எங்கள் தெரு கிரேன் அக்கா ஒருத்திதான். இதைச் சொல்லும்போதெல்லாம், புடவையில் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும் எனக்கு.

அக்கா இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்திலிருந்து கத்திப் பழகிய தொண்டை. அவள் வீட்டுக்குள் "உப்பு எடு" என்றால் நாலு வீட்டில் உப்பு ஜாடியைத் தேடுவோம்.

வந்தது கடற்கரையில் சவாரி போன பெண் குதிரை. பெயர் செல்வி. மணலும் அலையும் பார்த்து வளர்ந்த அதற்கு எங்கள் தெரு பிடிபடவில்லை. குக்கர் விசிலடித்தால் நடுங்கும். கொடியில் புடவை பறந்தால் சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் கண்டெய்னர் லாரி 'புஸ்' என்று பிரேக் போட, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, நான் காயவைத்திருந்த வடகத்தின் மேல் நின்றது.

அக்கா சட்டம் போட்டாள். குக்கர் வைக்கக் கூடாது. பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அவளே ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தாள். அந்த ரகசியம் தெருமுனை வரை கேட்டது.

எதிர்வீட்டு ஸ்டெல்லாதான் முதலில் வெடித்தாள். "இன்னாக்கா, குருதைக்கு பயந்துகினு நாங்க சோறாக்காம கெடக்கணுமா? திருப்பி அனுப்பிடு."

அக்கா முகம் வாடிப்போனது. "புது ஊடு, புது ஆளுங்க. அது இன்னா பண்ணும் பாவம்? சரி, நீங்க சத்தம் போடுங்க. ஆனா தூரத்துல ஆரம்பிச்சி, மெதுவா கிட்ட வாங்க."

அன்றிலிருந்து சாயங்காலமானால் தெருவே கச்சேரி. ஸ்டெல்லா தட்டைத் தட்டிக்கொண்டு முனையிலிருந்து வருவாள். செல்வி காதை விறைத்தால் அங்கேயே நிற்பாள். காது தளர்ந்தால் ஓர் எட்டு வைப்பாள். கிட்டே வந்ததும் செல்விக்கு கேரட். நான் புடவையை உதறுவேன். அக்கா அதன் கழுத்தில் கைவைத்தபடி நிற்பாள். கடைசியில் லாரி டிரைவர் ஒருவரையே டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டாள்.

"இன்னாம்மா, ரோட்ல பிரேக் போட்டா திட்றாங்க. நீங்க டீ குடுத்து போடச் சொல்றீங்க?" என்றார் அவர்.

இவ்வளவு பழக்கியும் அக்கா வேலைக்குப் பஸ்ஸில்தான் போனாள். "வெயில்ல என்னையும் அது தூக்கணுமா?"

பிறகு ஸ்டெல்லா மகள் கல்யாணம். செல்வி மேல் உட்கார்ந்துதான் சர்ச்சுக்குப் போவேன் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். பேண்டு முழங்கியது, சரவெடி வெடித்தது, செல்வி அசையவில்லை. திருப்பத்தில் பக்கத்திலேயே ஒரு லாரி 'புஸ்' என்றது. பேண்டு பாதியில் நின்றது. செல்வியின் காதுகள் கயிற்றைப் பிடித்து நடந்த அக்கா பக்கம் திரும்பின.

"இங்கதான் கீறேன்" என்றாள் அக்கா.

செல்வி தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்தது. "எங்க தெரு குருத!" என்று பேண்டுக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்தினாள் ஸ்டெல்லா.

எனக்கு ஆச்சரியமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலை கேட்டைப் பார்த்ததும் திரும்பி ஓடப்பார்த்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, தினமும் உள்ளே வரை கூடவே நடந்தவள் அவள். அந்தப் பெண் நான்தான்.