நீல நாடா கட்டிய சிப்பம்

காலையில் யாரும் வருமுன், இரண்டு பனியன் சிப்பங்களின் நாடாக்களை மட்டும் அவிழ்த்து, இதை அதற்கும் அதை இதற்குமாக மாற்றிக் கட்டிவிட்டு, கன்னையன் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான். செய்தது அயோக்கியத்தனம், அதற்குக் கடவுளும் உடந்தையாக வேண்டுமாம்.

அந்தப் பனியன் கம்பெனியில் டைலர்கள் தைத்த சரக்கைக் காடாத்துணியில் சுற்றி, அவரவர் நிறத்தில் நாடா கட்டுவார்கள். கன்னையனுக்குச் சிவப்பு, அய்யூப்புக்கு நீலம். முந்தாநாள் மெஷினுக்கு எண்ணெயைக் கண்மண் தெரியாமல் ஊற்றியதில் கன்னையன் தைத்ததெல்லாம் கறை. வாயைத் திறக்காமல் மடித்துச் சிப்பத்துக்குள் தள்ளிவிட்டான். கறைச் சரக்கு பம்பாயிலிருந்து ஒருமுறை திரும்பி வந்த பிறகு, இனி யார் சிப்பத்தில் கறை இருந்தாலும் அன்றோடு வேலை போச்சு என்று முதலாளி கிட்டுசாமி சொல்லியிருந்தார்.

அய்யூப் சின்ன வயசுக்காரன், கல்யாணமாகாதவன். வேலை போனால் பக்கத்து ஊரான மங்கலத்தில் தறி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாக நினைத்தான் கன்னையன்.

முதலாளி வந்ததும் இவனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நீல நாடாவை மொதல்ல பிரிச்சுப் பாருங்க மொதலாளி. எனக்கென்னமோ சந்தேகமா இருக்குதுங்க."

சிப்பம் கட்டும் சுப்பாத்தாள் பிரித்தாள். அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கன்னையன் அடியில் பார்க்கச் சொன்னான். அடியிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை. அய்யூப்பின் முகம் மட்டும் ஏனோ மாறியது.

"அப்ப உன்றதையும் அடிவரைக்கும் பார்த்துருவோம்" என்றார் முதலாளி.

கன்னையன் ராகுகாலம் என்றான். டீ ஆறுகிறது என்றான். லாரிக்கு நேரமாகிறது என்றான். ஒவ்வொரு சாக்குக்கும் முதலாளியின் புருவம் ஏறியது. ராகுகாலம் முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

சிவப்பு நாடா அவிழ்ந்தது. உள்ளே எல்லாம் கறுப்புக் கறை.

கன்னையனுக்கு வெட்கமே இல்லை. "இது என்ற சரக்கு இல்லீங்க. ஆரோ நாடாவை மாத்திக் கட்டிப்போட்டாங்க" என்றான்.

அய்யூப் தலை குனிந்துகொண்டான். முதலாளி சுப்பாத்தாளைப் பார்த்தார்.

"ஆமாங்க மொதலாளி, நேத்து சாயங்காலமே கறையைப் பார்த்துட்டு அய்யூப்புத் தம்பிதான் மாத்திக் கட்டுச்சுங்க. கன்னையண்ணனுக்கு மூணு கொழந்தைங்க, பழி எம்பேர்லயே இருக்கட்டும்னு சொல்லுச்சுங்க. காலையில அது எப்படித் திரும்ப மாறிச்சுன்னுதான் எனக்குத் தெரியலைங்க."