மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது

"மச்சான், பேட்டரி காலி!" என்றார் எலக்ட்ரீசியன், யூபிஎஸ் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

"அதுக்கென்ன இப்போ? மிஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு?" என்றார் நகல் கடைக்காரர். அவர் எலக்ட்ரீசியனுடைய மனைவியின் அண்ணன்.

"இப்ப ஓடுது. பத்து மணிக்குக் கரண்ட்டை நிறுத்தப் போறாங்களே!"

"எவன் நிறுத்தச் சொன்னது?"

எலக்ட்ரீசியன் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். 'மெயின் போர்டு மாற்றும் பணி. காலை 10 முதல் 11.30 வரை மின்சாரம் இருக்காது' என்ற அறிவிப்பின் கீழே அவருடைய கையெழுத்தே கம்பீரமாக இருந்தது.

கடையின் மூலையில் நின்ற அந்த மிஷின், ஆளுயர வீடியோ கேம் பெட்டி. இந்த இடம் ஒரு காலத்தில் வீடியோ கேம்ஸ் கடையாக இருந்தது. பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. பதினொன்று பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பது இது ஒன்றுதான். காசு போடும் ஓட்டைக்கு டேப் ஒட்டிப் பல வருடமாகிறது. பட்டனைத் தட்டினால் யாரும் ஆடலாம். மேலேயிருந்து வண்டுகள் இறங்கும், கீழேயிருந்து ஒரு குட்டிக் கப்பல் சுடும். அவ்வளவுதான் விளையாட்டு.

அதில் பதினேழு வயதில் எலக்ட்ரீசியன் எடுத்த ஸ்கோர் 3,87,650. இருபத்தாறு வருடமாக ஒருத்தனும் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. திரையில் முதல் இடத்தில் அந்த எண்ணும், பக்கத்தில் அவருடைய பெயரின் மூன்று எழுத்தும் நிற்கும். தினமும் ஒன்பது மணிக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே கையில் எடுப்பார். ஆனால் அந்தக் காலத்து மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு தடவை அணைந்தால் எல்லாம் பூஜ்யம். அதனால்தான் இந்த யூபிஎஸ். அதனால்தான் பக்கத்தில் 'அணைக்காதே' என்று சிவப்பு மையில் ஓர் அட்டை.

அதுவும் இன்றைக்கு அது அணையவே கூடாது. காரணம், பதினோரு மணிக்குப் பத்திரிகையிலிருந்து ஆள் வருகிறது. அவர் பையனாக இருந்தபோது மாதாமாதம் வந்த வீடியோ கேம் பத்திரிகை அது. கடைசிப் பக்கத்தில் சாதனையாளர்களின் பெயரைப் போடுவார்கள். திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர் மூன்று தடவை அனுப்பினார். மூன்றிலும் ஃப்ளாஷ் கண்ணாடியில் பட்டு, ஸ்கோர் இருந்த இடத்தில் வெள்ளை வட்டமும் அவருடைய மூக்கும்தான் விழுந்தன. அப்புறம் பத்திரிகையே நின்றுபோனது. இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். முதல் இதழின் கடைசிப் பக்கம் அவருக்கு.

மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சார், வேலையை மத்தியானத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா?"

"என்னங்க விளையாடுறீங்களா? மூணு மாசமா எங்க உயிரை எடுத்து இந்தத் தேதியை வாங்கினதே நீங்கதானே?" என்று வைத்துவிட்டார்கள்.

"போச்சா?" என்றார் நகல் கடைக்காரர்.

"யாருகிட்ட? நான் பாத்துக்கறேன் மச்சான்" என்றார் எலக்ட்ரீசியன். அவர் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் கையிலிருக்கும் வேலையை முதலில் சேமித்துக்கொள்வார்கள்.

மாடியில் பல் மருத்துவமனை. அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

"டாக்டரம்மா, ஒரே ஒரு ஒயர் எடுத்துக்கறேன். ஒரு ட்யூப் லைட் அளவுதான் இழுக்கும்."

"பத்து மணிக்கு ஒரு பெரிய பல்லு இருக்கு. அதுல கைவைக்க மாட்டீங்களே?"

"உங்களுக்குத் தெரியவே தெரியாது."

பத்தடித்து ஐந்து நிமிடத்தில் டாக்டரம்மாவுக்கு நன்றாகவே தெரிந்தது. இன்வெர்ட்டர் வீறிட்டது. பல்லைக் குடைந்துகொண்டிருந்த கருவி முனகி முனகி நின்றது. நாற்காலி, நோயாளியைத் தலைகீழாகச் சாய்த்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. எலக்ட்ரீசியன் கீழே ஓடிப் பார்த்தால், அதே ஒயரில் மச்சான் நகல் மிஷினையும் செருகியிருந்தார்.

"ஒரே ஒரு காப்பிதான் மாப்ள..."

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே ஓடினார். டாக்டரம்மா கையில் கத்திரிக்கோலோடு நின்றார்.

"இருக்கிற சார்ஜ் என் விளக்குக்கே காணாது. அஞ்சு நிமிஷத்துல உங்க ஒயரை எடுக்கலேன்னா நானே வெட்டிடுவேன்."

அப்போதுதான் நாற்காலியில் கிடந்தவரை எலக்ட்ரீசியன் பார்த்தார். கட்டட முதலாளி. வாய் நிறையப் பஞ்சு. கண்கள் மட்டும் பேசின, நல்ல வார்த்தையாக ஒன்றுமில்லை.

"முதலாளி, நான் பாத்துக்கறேன். உங்க கார் பேட்டரியைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கட்டுமா?"

வாயில் பஞ்சு இருப்பவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எலக்ட்ரீசியன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த சாவியோடு இறங்கிவிட்டார்.

பேட்டரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் வராந்தாவில் ஓடியபோது, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார். கட்டடம் முழுக்க இருபத்திரண்டு வருடமாகப் பெருக்குகிறவர்.

"ஈரத் தரையில ஒயரை இழுத்துக்கிட்டு எங்க தம்பி ஓடுறீங்க? வழுக்கி விழுந்தா என்னைத்தானே சொல்வாங்க?"

"அக்கா, உயிர் போற அவசரம்!"

"யாருக்கு?"

"மிஷினுக்கு!"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க அங்கே ஆள் இல்லை.

இனி அவருடைய தொழில். அதில் அவரை யாரும் அசைக்க முடியாது. பேட்டரியில் சின்ன இன்வெர்ட்டரை மாட்டினார், மாடி ஒயரையும் பேட்டரி ஒயரையும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சில் கொடுத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். திரை ஒரு தடவை சிமிட்டியது. 3,87,650 அசையவில்லை.

"பாத்தீங்களா மச்சான்! இந்தக் கைக்கு மோதிரம் போடணும்."

"முதல்ல காரைப் பாரு மாப்ள."

முதலாளி இறங்கி வந்து, கார் கிளம்பாமல், பானெட்டைத் திறந்து, உள்ளே வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் சிந்தியிருந்த நட்டு போல்ட்டுகளைப் பார்த்தபடியே கடைக்குள் வந்தார். பாதி முகம் மரத்திருந்ததால் பாதி வாயால்தான் திட்ட முடிந்தது. மீதியைக் கையால் காட்டினார்.

"முதலாளி, இன்னும் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். உங்க காலைப் பிடிக்கிறேன்!"

எலக்ட்ரீசியன் காலைப் பிடித்தார். முதலாளி பேட்டரியைப் பிடித்து இழுத்தார்.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

முதலாளிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. மின்சார ஊழியர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நாப்பது நிமிஷம் முன்னாடியே முடிச்சுட்டோம் சார்!"

மிஷின் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தது. முதல் இடம்: பூஜ்யம். இரண்டாம் இடம்: பூஜ்யம்.

எலக்ட்ரீசியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேருக்கு விளக்கேற்றி வைத்த மனிதர், 'அணைக்காதே' அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதினேழு வயதில் அந்தப் பட்டனைத் தட்டிய பையன் இன்றைக்குத்தான் செத்துப்போனான் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கப்படவில்லை.

"வணக்கம். பத்திரிகையிலேர்ந்து வர்றேன்" என்று கேமராவும் கையுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன். சாதனை எது?"

"அழிஞ்சுபோச்சும்மா" என்றார் நகல் கடைக்காரர் மெதுவாக. "அந்த ஸ்கோரை இனிமே அவராலேயே எடுக்க முடியாது."

அவள் கேமராவைப் பைக்குள் வைக்கப் போனாள். அப்போது வராந்தா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மிஷின் முன்னால் வந்து நின்றார்.

"இதுக்கா தம்பி இவ்வளவு அமர்க்களம்? கொஞ்சம் தள்ளி உக்காருங்க. தினமும் காலைல ப்ளக்கைப் பிடுங்கி, மிஷினை நகர்த்தி, அடியில பெருக்கிட்டு, உங்க நம்பர் வர்ற வரைக்கும் ஆடி, உங்க பேரைப் போட்டு வச்சுட்டுத்தானே போறேன்; இன்னைக்கு ரெண்டு தடவை ஆடினதா இருக்கட்டும்."