பசையில்லாத மூலை

லேபிளின் ஒரு மூலையில் பசை தடவாமல் விட்டால் உரிப்பது எளிது. இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு ஒரு பெரிய கம்பெனி காப்புரிமை பெற்றிருந்தது. தொழில் தொடங்கிய நாள் முதல் அப்படியே செய்துவந்த அச்சகக்காரரின் இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். அவர் காப்புரிமை வாரியத்தில் மேல்முறையீடு செய்தார்.

"எப்பவும் அப்படித்தானே செய்யறோம்?"

"எழுத்துல இருக்கா?" என்றார் வக்கீல்.

"இதைப் போய் யார் எழுதி வைப்பா?"

"அப்போ ஒரே வழி. சுயபுத்தி துளியும் இல்லாத சராசரித் தொழிலாளிக்கும் இது தோணும்னு காட்டணும். அந்தத் தொழிலாளி நீங்கதான். வாயைத் திறந்து புத்திசாலித்தனத்தைக் காட்டிடாதீங்க."

"அந்தக் கவலையே வேண்டாம். வேணும்னா நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றாள் அச்சகக்காரரின் மனைவி.

விசாரணையன்று கம்பெனி வக்கீல் குழைந்தார்.

"ஐயா, தேஞ்ச உருளைக்கு சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினீங்களாமே. யார் சொல்லிக் கொடுத்தது?"

அச்சகக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் யாருமே அதைக் கேட்டதில்லை.

"யாருமில்லைங்க. தானா தோணிச்சு."

"இவர் மேதை! மேதைக்குத் தோன்றியது சராசரிக்குத் தோன்றுமா?"

அச்சகக்காரரின் வக்கீல் தலையில் கை வைத்தார். பிறகு கடைசி முயற்சியாக, ஒரு துண்டுக் காகிதத்தையும் பசைப் புட்டியையும் வாரியத் தலைவர் முன் வைத்து, ஒட்டிப் பார்க்கும்படி வேண்டினார். விரலில் பசை படாதிருக்கத் தலைவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மீதியில் தடவினார்.

"ஐயாவுக்கே தோணிடுச்சே!" என்று கத்தினார் அச்சகக்காரர்.

"ஐயாவுக்கே என்றால்?" என்று கேட்டார் தலைவர்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது:

'தலைவருக்குத் தோன்றியதை எவருக்கும் தோன்றக்கூடியதெனக் கொண்டால், தலைவரின் அறிவு சராசரியானது என்றாகும். அதற்கு ஆதாரம் தாக்கல் செய்யப்படவில்லை. மேல்முறையீட்டாளரும் கூர்மதி படைத்தவர் என்பது விசாரணையில் ஐயமற நிரூபணமாயிற்று. மனு தள்ளுபடி.'

"சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

அவர் காதில் அது விழவில்லை. 'கூர்மதி படைத்தவர்' என்ற பக்கத்தைச் சீல் வைத்த இயந்திரத்தின் மேல், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டத்தை மதித்து, நான்கு மூலைகளிலும் பசை தடவி.