தம் போட்ட சர்க்கரை

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி மருமகள் எழிலரசிக்கு மாமனார் துரைசாமி அனேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே உன் அத்தை, உன் வீட்டுக்காரன் செல்வகுமார், நான் எல்லோரும் சௌக்கியம். அரக்கோணத்தில் உன் அப்பாவுக்குக் கால்கட்டு பிரித்தாயிற்றா, சம்பந்தி ஊன்றி நடக்கிறாரா என்று அறிய ஆவல். நம் வீட்டில் அண்டா ஒன்றுக்குத்தான் சௌக்கியமில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம். போன் செய்தால் "பரவாயில்ல மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை அத்தை ஒரு மாதிரியும் செல்வகுமார் ஒரு மாதிரியும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் நம்பாதே. கெடுத்தவன் நான், எனக்குத்தான் முழுசாகத் தெரியும். தோல் பதனிடுகிற டேனரிக்கு நீ தருவதாகச் சொன்ன மருந்துக்காக, பின்கொட்டகையில் கடலை எண்ணெயும் சர்க்கரையும் அண்டாவில் கேஸ் அடுப்பில் இருந்தன. உன் அப்பா வழுக்கி விழுந்தார் என்று போன் வந்ததும், நீ கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "மாமா, மோட்டார் கிளறிக்கினே இருக்கணும். தீ ஜாஸ்தி ஆவக்கூடாது. மூடி மட்டும் போட்டுடாதீங்க. ஈரம் வெளிய போனாத்தான் ரெண்டும் சேரும்." நானும் பலமாகத் தலையாட்டினேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன், தலையாட்டுவதில் எனக்கு அனுபவம் கம்மியா?

விஷயம் புரியாமல் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. நீ சொல்லித்தந்தது எல்லாம் மனப்பாடம். சர்க்கரைக்குத் தண்ணீர் பிடிக்கும், எண்ணெய்க்குக் கொழுப்பு பிடிக்கும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் ஆட்டுத்தோலில் இருக்கிற கொழுப்பை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும், சாக்கடையில் விட்டாலும் சீக்கிரம் மக்கிவிடும். ஆனால் இரண்டும் லேசில் ஒட்டாது, அதனால் மற்றவர்கள் நடுவில் ஒரு கரைப்பானை ஊற்றுவார்கள், அது கல்யாணத் தரகர் மாதிரி, வேலை முடிந்த பிறகும் வீட்டை விட்டுப் போகாது, நாம் தரகரே இல்லாமல் சூட்டையும் கிளறலையும் ஒரு பிடி சோப்பையும் வைத்தே முடிப்போம் என்றாய். உங்கள் கல்யாணத்திலும் தரகர் இல்லை, நல்லபடியாகத்தானே இருக்கிறீர்கள் என்று நானும் நம்பினேன். இவ்வளவும் தெரிந்திருந்தும் கெடுத்தேன் பார், அதுதான் வயிற்றெரிச்சல்.

நீ பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. அடுப்பை அணைத்திருக்கலாம். இப்போது தெரிகிறது. அப்போது வீரனாகி, கட்டைக் கரண்டியை எடுத்துக் கிளறினேன், அது தேன்பாகு மாதிரி இழுக்க, என் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்க, வழியில் போன என் தோஸ்த் அகமது பாஷாவைக் கூப்பிட்டேன். அண்டா அவருடைய பழைய பிரியாணி அண்டா, நாம் அவரிடம் வாங்கியது, அதைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? "இன்னா அண்ணே, இந்த வயசுல பேஜார் பண்ணிக்கிறே. கிளற முடியலன்னா தம் போட்டுட வேண்டியதுதானே" என்றார். நீ சொன்னது நினைவுக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் தம் போட்டவரிடம் போய் மூடாதே என்று எப்படிச் சொல்வது? அத்தை பரோட்டாவுக்குப் பிசைந்து வைத்திருந்த மைதா மாவை எடுத்து விளிம்பைச் சுற்றி ஒட்டி, மூடியை அழுத்தி, மேலே கரித்தணலும் போட்டார். பிறகு இரண்டு பேரும் நிம்மதியாக டீ குடிக்கப் போனோம்.

டீ பாதியில் இருக்கும்போது மூடி கிளம்பிக் கொட்டகைத் தகரத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு வஜீதா டப்பாவோடு வந்து, இனிப்பு வாசனை வருகிறதே, என்ன விசேஷம் என்று கேட்டது. தோல் கழுவுகிற மருந்து என்றேன். டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியோடு கரி. மறுநாள் காலை டேனரி மேனேஜர் டேனியல் மருந்தை வாங்கிப்போகக் கேனோடு வந்தார். அவரும் திட்டவில்லை. அந்த லாட் தோலைப் பழைய மருந்திலேயே போட்டுவிடுவதாகச் சொல்லிக் காலிக் கேனோடு திரும்பினார். அந்தக் கேனைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது அம்மா. பாஷா அன்றிலிருந்து தினமும் பிரியாணி அனுப்புகிறார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. செல்வகுமாருக்கு இறங்குகிறது.

ஐதராபாத் கம்பெனி கூப்பிட்ட வேலைக்கே போய்விடுகிறேன் என்று நீ அவனிடம் சொன்னாயாம். நல்ல முடிவு. அங்கே உன் வேலைக்கு நடுவே கரண்டியோடு வந்து நிற்க மாமனார் இருக்க மாட்டான். வேலையை விட்டுவிட்டு வந்து நம் கொட்டகையில் நீ கண்ணெரியப் பாடுபட்டதை ஒரு டீ நேரத்தில் கரியாக்கினேன். என்னை மன்னித்துவிடு. இங்கே உனக்கு இனி ஒன்றும் இல்லை. நாளைக் காலை காயலான்கடைக்காரனை வரச் சொல்லியிருக்கிறேன். அண்டாவை அவனிடம் போட்டுவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடுவேன். போகிற இடத்தில் உன் கை நோகாமல், பெயர் விளங்க, குறைவில்லாமல் இரு. சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் மாமா,
துரைசாமி

பின்குறிப்பு: ஞாயிறு என்பதால் தபாலில் சேர்க்கவில்லை. இன்று திங்கள். காயலான்கடைக்காரன் வந்தான். அதற்குள் நானும் பாஷாவும் உளியால் சுரண்டி அண்டாவின் அடியைக் கண்டுவிட்டோம், பளபளவென்றுதான் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் டேனரிக்கும் போய்வந்தேன். "அவங்க செஞ்சு கொண்டாரட்டும் சார், போட்டுப் பாக்க நாலு தோலு எடுத்து வைக்கிறேன்" என்றார் டேனியல். ஐதராபாத்துக்குப் பதில் எழுதியிருந்தால் சரி, எழுதவில்லை என்றால் ஒரு வாரம் பொறு. அண்டாவை நான் கொடுக்கவில்லை. மூடியை மட்டும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.