ஏன் அண்ணாச்சி கேட்காமல் விட்ட கேள்வி

பிள்ளைகளே, மூன்று வயதில் நாம் எல்லாரும் 'ஏன், ஏன்' என்று கேட்டு வீட்டில் இருப்பவர்கள் உயிரை வாங்குவோம். பள்ளிக்கூடம் போனதும் பைய நிறுத்திவிடுவோம். முப்பத்திரண்டு வயது வரை நிறுத்தாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீசில் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் டீ கொண்டுவருகிறவர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் 'ஏன் அண்ணாச்சி'.

ஆபீஸ் கங்கைகொண்டானில். பஸ் நேரம் காட்டுகிற ஒரு செயலி செய்கிறோம். நீங்கள் கணக்கு நோட்டைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்காமல் கையை வைத்து மறைப்பீர்கள் இல்லையா? இங்கே நேர்மாறு. எழுதிய புரோகிராமை உலகத்துக்கே திறந்து வைத்துவிடுவோம். யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், தப்பிருந்தால் திருத்தியும் அனுப்பலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு: யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்து 'சரி' கொடுக்க வேண்டும். மாற்றியது யார், சரி கொடுத்தது யார் என்பது பதிவில் என்றைக்கும் நிற்கும்.

சரி கொடுக்கிறவர் ஏன் அண்ணாச்சி, லீவுக்கும் அவர்தான். அவரிடம் போவதும் பல் பிடுங்கப் போவதும் ஒன்று. ஒரு பெண் தலைவலிக்கு அரைநாள் லீவு கேட்டது. ஏன் வலிக்கிறது என்றார். கண் கூசுகிறது. ஏன் கூசுகிறது? கம்ப்யூட்டரில் வெயில் அடிக்கிறது. ஏன் அடிக்கிறது? ஜன்னலில் ஸ்கிரீன் துணி இல்லை. ஏன் இல்லை? தோண்டிப் பார்த்தால், அதைத் துவைக்க என்று வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு மாதமாக மறந்திருந்தவர் அவரேதான். லீவு உடனே கிடைத்தது.

கேண்டீன் சாம்பாரில் ஒருநாள் உப்பு கரித்தது. ஏன் என்று கேட்டதில், மாஸ்டரும் உதவிக்கு இருந்த அக்காவும் ஆளுக்கொரு தடவை போட்டது தெரிந்தது. சமையலறையில் சிலேட்டு தொங்கவிட்டார். உப்பு போட்டவர் கையெழுத்து, ருசி பார்த்தவர் கையெழுத்து, இரண்டும் வேண்டும். மறுநாள் இரண்டு கையெழுத்தும் பக்காவாக இருந்தன. உப்புதான் இல்லை.

இனி என் கதை. நான் களக்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். படிப்பு எட்டாவது. முட்டி தேய்ந்துபோய், இனி நின்று பார்க்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டாப் எல்லாம் அத்துப்படி என்பதால் பஸ் நேரங்களைப் பதிவு செய்ய என்னை எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்றார் மேனேஜர் மேடம். உட்கார்ந்து செய்கிற வேலை இதை விட்டால் எனக்கு எதுவும் கிடையாது.

களக்காடு நேரங்கள்தான் என் முதல் மாற்றம். வியர்த்துக் கொட்ட, ஏன் அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றேன். ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார், சரி கொடுத்துவிட்டார். ஒரு 'ஏன்' இல்லை. ஊரையே கேட்ட மனிதர் என்னைக் கேட்கவில்லை என்று வீட்டில் போய்ப் பெருமை அடித்தேன்.

மூன்றாம் நாள் புகார் வந்து குவிந்தது. சாயங்காலம் அஞ்சரைக்குக் களக்காடு பஸ். கைப்பிள்ளையோடு ஒரு அம்மா அஞ்சு இருபத்தஞ்சுக்குப் பஸ் ஸ்டாண்டு வாசலில் இறங்கி செயலியைப் பார்த்திருக்கிறார். அஞ்சு இருபதுக்கே பஸ் போய்விட்டதாகக் காட்டியிருக்கிறது. சரி என்று நாங்குநேரி பஸ் ஏறிச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய பஸ்ஸோ உள்ளே நின்றுகொண்டிருந்தது.

எல்லாரையும் கூட்டி வைத்து, இது யார் செய்தது என்று கேட்டார் மேடம். முட்டி வலி எனக்கு மறந்தேபோனது.

"யாருங்கிறது பதிவுல கிடக்கு மேடம். ஏன்னு கேப்போம்" என்றார் ஏன் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, எல்லா பஸ்ஸுக்கும் பத்து நிமிஷத்தை ஏன் குறைச்சிய?"

"கண்டக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவோம் சார். அஞ்சரைக்குன்னா அஞ்சு இருபதுன்னுவோம்."

"ஏன்?"

"உள்ளதைச் சொன்னா கடைசி நிமிஷத்துல ஓடியாந்து ஏறுவாவ. ஒரு பெரியவரு அப்படி ஏறும்போது படியில விழுந்து பல்லு போச்சு. அன்னையிலருந்து நான் உள்ளதைச் சொன்னதில்ல."

மேடம் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "இதை நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?"

அவரைப் பார்த்து ஒருவர் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டுச்சு மேடம். கேட்டா பயந்துருவாவன்னு விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

நடந்ததை உலகமே பார்க்கிற அந்தப் பதிவில் அன்றைக்கே எழுதிப் போட்டார். 'கேட்க வேண்டியவர் கேட்கவில்லை' என்று முதல் வரி. கீழே அவர் பேர். பத்து நிமிஷத்துக்கான காரணத்தை என் வாய்ச்சொல்லாகவே எழுதியிருந்தார், பெரியவரின் பல் உட்பட.

அதிலிருந்து நாலாம் நாள், எந்தக் கடலுக்கு அப்பாலோ ஒரு மலையூரிலிருந்து பதில் வந்தது. அவர்களும் எங்கள் புரோகிராமைத்தான் எடுத்து ஓட்டுகிறார்கள். தங்கள் ஊர் கண்டக்டர்களும் இதே பொய்யைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதி, கூடவே ஒரு திருத்தமும் அனுப்பியிருந்தார்கள். இப்போது செயலியில் இரண்டு நேரம் தெரியும். பஸ் புறப்படுவது ஒன்று, நீங்கள் வந்து நிற்க வேண்டியது ஒன்று. அதைப் பார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து உங்களுக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

ஏன் அண்ணாச்சி இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அங்கிருந்தபடியே என் வேலையைப் பார்த்துச் சரி கொடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு 'ஏன்' வரும், பதில் எழுதி எனக்குக் கையே ஓய்ந்துவிடும். போன வாரம் வள்ளியூர் பஸ் நேரங்களை அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்று வந்தது. உடனே போன் போட்டு, உடம்புக்கு என்ன செய்யுது சார் என்று கேட்டேன்.