காலியிடம் இல்லாத தொண்ணூறு நாட்கள்

மனித குலம் இத்தனை ஆயிரம் வருஷமாகக் குழந்தை வளர்த்ததெல்லாம் வெறும் உத்தேசமாகத்தான். அழுதால் தூக்கினார்கள், விழுந்தால் ஊதிவிட்டார்கள், சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். இதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டா, பிற்சேர்க்கை உண்டா, மேலொப்பம் உண்டா? ஒரு மண்ணும் கிடையாது. அப்படி வளர்ந்த குழந்தைகள்தான் பெரியவர்களாகி இன்றைக்கு உலகத்தை இந்த லட்சணத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது அறிஞர் கருத்து. இந்தக் குறையைத் தொண்ணூறே நாளில் தீர்த்துவைக்க முன்வந்ததுதான் குழந்தை வளர்ச்சி மற்றும் மனநல ஆய்வு மையம். அந்தத் திருப்பணிக்குத் தோள் கொடுத்தவர்களில் முதலிடம் நம் படிவத்தாருக்கே.

படிவத்தார் என்பது ஆபீசில் வைத்த பெயர். நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வரும் விண்ணப்பங்களெல்லாம் முழுமையாகப் பூர்த்தி செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது வேறு பிரிவு. அது மூன்றாம் மாடி. கட்டத்துக்குள் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது மட்டும்தான் இவர் பொறுப்பு. இருபது வருஷமாக அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தார். பதிவேட்டில் தவறாகச் செத்துப்போன பெரியவர் ஒருவர், தான் உயிரோடுதான் இருப்பதாக விண்ணப்பித்தபோது, ‘இறந்த தேதி’ கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர் இவர். பெரியவரும் நடந்து களைத்து, கடைசியில் ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். விண்ணப்பம் அன்றைக்கே மூன்றாம் மாடிக்கு ஏறியது.

இப்படிப்பட்டவரிடம், மகள் படிக்கும் பள்ளி வழியாக மையத்தின் அழைப்பு வந்து சேர்ந்தது. ‘மாலை நேரத் தந்தை–மகவு உரையாடலும் மனநலமும்’ என்று ஆய்வுக்குப் பெயர். தொண்ணூறு நாள், தினமும் மாலை ஆறு மணி முதல் ஏழரைக்குள், அறுபத்து நாலு கேள்விகள். அழைப்பைப் படித்து முடித்தபோது படிவத்தாருக்கு வாயெல்லாம் பல்.

“எழுதுறதுதானே, எழுதுங்க,” என்றாள் மனைவி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட். மகள் பள்ளியிலிருந்து வரும்போது அவள் வீட்டில் இருக்க மாட்டாள். அவள் வரும்போது மகள் தூங்கியிருப்பாள். “இந்தச் சாக்குலயாவது பாப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவீங்க.”

மையத்திலிருந்து ஆய்வுப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடித்த கோப்பு. பதில் கேட்கும்போது சிரிக்கவும் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது என்று மூன்று மாதம் பயிற்சி எடுத்தவள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பாப்பாவிடமும் முறைப்படி சம்மதம் கேட்டாள்.

“நான் என்னக்கா பண்ணணும்?”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். இயல்பா இருந்தா போதும்.”

“எழுதினதை அப்பா தினமும் உனக்குப் படிச்சுக் காட்டுவார்,” என்று ஆய்வுப் பெண் சேர்த்துக்கொண்டாள். “சரின்னு கீழே ஒரு டிக் போடணும். அவ்வளவுதான்.”

முதல் நாள் முப்பத்தாறு கேள்விகளைப் படிவத்தார் அநாயாசமாகத் தாண்டினார். முப்பத்தேழில் பேனா நின்றது. ‘இன்று குழந்தை உங்களிடம் மனம்விட்டுச் சொன்ன கவலை ஒன்று.’

“பாப்பா, இன்னிக்கு உனக்கு என்ன கவலை?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“நெஜமாவே இல்லப்பா. இன்னிக்கு ரெண்டு தடவை விளையாட விட்டாங்க.”

படிவத்தார் மையத்துக்குப் போன் போட்டார். “‘கவலை இல்லை’ன்னு எழுதலாமாம்மா?”

“தாராளமா எழுதலாம் சார். ஆனா எங்க கம்ப்யூட்டர் அதைக் காலியிடம்னு எடுத்துக்கும்.”

காலியிடம்! வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் அந்த மனுஷர் தாங்கியிருப்பார். இருபது வருஷ சர்வீஸில் அடுத்தவன் விட்ட காலியிடத்தையே பொறுக்காதவர், தன் கையால் ஒன்று விடுவாரா? பேனாவைத் திறந்து, ‘பென்சில் முனை அடிக்கடி உடைவது குறித்துக் குழந்தை கவலை தெரிவித்தது’ என்று எழுதினார். படித்துக் காட்டினார்.

“என் பென்சில் உடையலையேப்பா.”

“உடையலாம் இல்லையா? டிக் போடும்மா, கட்டம் சும்மா இருக்கக் கூடாது.”

பாப்பா டிக் போட்டாள். அன்றுமுதல் கவலைக்குப் பஞ்சமில்லை. சிவப்புக் கலர் பென்சில் குட்டையாகிக்கொண்டே போவது, பக்கத்து பெஞ்சுப் பெண் கணக்கை எட்டிப் பார்ப்பது, நிலா கூடவே ஓடி வந்து களைத்துப்போய்விடுமோ என்பது என்று படிவத்தார் தினம் ஒன்றாக எழுதித் தள்ளினார். நிலாக் கவலையைப் படித்துவிட்டு மையத்தில் ஒரு டாக்டரம்மா கண் கலங்கினாராம். தனக்குள் இப்படி ஒரு எழுத்தாளன் உட்கார்ந்திருப்பது தெரியாமல் ஆட்சேபணைக் குறிப்பு எழுதியே காலம் போய்விட்டதே என்று படிவத்தாருக்கும் ஒரு சின்ன ஏக்கம் வந்தது.

இருபதாம் நாள்தான் பாப்பாவுக்கு நிஜமாகவே ஒரு கவலை வந்தது. பள்ளிக் கழிப்பறையில் கடைசிக் கதவின் தாழ்ப்பாள் இறுகி, ஒரு முழு பீரியட் உள்ளேயே மாட்டிக்கொண்டாள். விளக்கு எரியவில்லை. தட்டினாள், கத்தினாள், அழுதாள். யாரும் வரவில்லை. மணி அடித்து யாரோ வெளியிலிருந்து தள்ளித் திறந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மிஸ் ‘எங்கே போய்ச் சுத்திட்டு வர்றே?’ என்று கேட்டார். அன்றுமுதல் பாப்பா பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் அங்கே போக வேண்டும். குடிக்காவிட்டால் போக வேண்டாம். எட்டு வயசு மூளைக்கு எட்டிய வைத்தியம் அதுதான்.

அன்று மாலையே அவள் வந்து மேஜை ஓரத்தில் நின்றாள்.

“அப்பா, ஒரு விஷயம்.”

“இரும்மா. ‘குழந்தை பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிறீர்களா?’ங்கிற கேள்வியில இருக்கேன்.”

“ஸ்கூல்ல பாத்ரூம்ல...”

“ஐயோ, குறுக்கே பேசாதேன்னா! ‘எப்போதும்’, ‘பெரும்பாலும்’, ‘சில வேளை’. இதுல எதுக்கு டிக் பண்றது?” கொஞ்சம் யோசித்து, ‘எப்போதும்’ என்பதற்கே போட்டார். “ம், சொல்லு, என்ன சொல்ல வந்தே?”

“கதவுப்பா...”

“சொல்லு சொல்லு. அம்மாடி, ஏழு இருபது ஆச்சு! இன்னும் இருபத்தேழு கேள்வி கிடக்கு. நாளைக்குச் சொல்லேன் கண்ணு. இந்தா, இன்னிக்கு உன் கவலை, கேளு: ‘ரப்பர் தொலைந்துபோனதால் குழந்தை மனம் நொந்தது.’ நல்லா இருக்கா?”

பாப்பா டிக் போட்டாள். பேனாவை மூடி அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். ஒரு காலை அவசரத்தில், ஒரு கையில் சீப்பும் வாயில் ஹேர்பின்னுமாக நின்ற அம்மாவிடம் ஆரம்பித்துப் பார்த்தாள். “எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லுடா தங்கம். இப்ப அவர்தானே உன் டிபார்ட்மெண்ட்!” என்று அம்மா பின்னலை இறுக்கினாள். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் புருஷன் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பதாக அவள் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

பாட்டில் காலையில் போன மாதிரியே நிறைந்து திரும்பி வந்தது. மாலையில் அதைக் கவிழ்த்துக் கழுவிவைப்பது படிவத்தார்தான். நாற்பத்தொன்றாம் கேள்வி, ‘குழந்தைக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் கொடுத்தனுப்புகிறீர்கள்?’ என்பது. ‘ஒரு லிட்டர்’ என்று எழுதினார். உண்மையைத்தான் எழுதினார். எவ்வளவு குடித்தாள் என்று கேட்டிருந்தால் அதையும் பார்த்திருப்பார், கேட்கவில்லையே!

தொண்ணூறாம் நாள் கழிந்ததும் பாப்பாவை மையத்துக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். படிவத்தார் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, படிவங்கள் எப்படி இருந்தன என்று கருத்துக் கேட்கும் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். உள்ளே ஆய்வுப் பெண் வரிசையாகக் கேட்டு வந்தாள்.

“முப்பத்தேழு. உன் மனசுல இருக்கிற கவலை ஒண்ணு சொல்லு.”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒருத்தர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதுசு. மடமடவென்று கொட்டிவிட்டாள்.

“கதவு திறக்கலக்கா. இருட்டா இருந்துச்சு. நான் எவ்வளவு கத்தினேன் தெரியுமா? இப்ப தண்ணியே குடிக்கிறதில்ல. ஒண்ணுக்குப் போனா எரியுது. அப்பாகிட்ட சொல்லலாம்னா அவர் எழுதிட்டே இருக்கார்.”

ஆய்வுப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். ஆனால் மூன்று மாதப் பயிற்சி வீண் போகுமா? முகத்தை அசையவிடவில்லை. “நன்றி. முப்பத்தெட்டு. உனக்குப் பிடிச்ச நிறம் என்ன?”

இரண்டு வாரம் கழித்து நிறைவு விழா. குளிரூட்டிய அரங்கம், மேடையில் மூன்று மைக். இயக்குநர் பேசினார்: “தொண்ணூறு நாள்! ஐயாயிரத்து எழுநூற்று அறுபது கட்டங்கள்! ஒரே ஒரு காலியிடம்கூட இல்லை! இந்தத் தந்தையின் பதிவுகளை வைத்துத்தான், மனம்விட்டுப் பேசும் குழந்தைக்கு இலக்கணமே வகுத்திருக்கிறோம்.” கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. படிவத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டம் போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டு, மூன்றாம் வரிசையிலிருந்த மகளைப் பார்த்துக் கையாட்டினார். அவளும் ஆட்டினாள்.

கீழே இறங்கி ஆய்வறிக்கையைப் புரட்டினார். பழக்கதோஷம், கட்டங்களைத்தான் முதலில் பார்த்தார். தன் எண்ணுக்கு எதிரே ஒரு கட்டத்தில் கோடு கிழித்திருந்தது. பதறிப்போய் ஆய்வுப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்.

“என்னம்மா இது? என் ஃபைல்ல ஒரு இடம் அடிச்சிருக்கு!”

“அது உங்க பதில் இல்ல சார், பாப்பா நேர்ல சொன்னது. முப்பத்தேழு. நீங்க எழுதின தொண்ணூறு கவலையில எதோடயும் அது ஒத்துப்போகல. அந்தத் தொண்ணூறுக்கும் அவளே டிக் போட்டிருக்கா. அதனால நம்பகத்தன்மை இல்லைன்னு நீக்கிட்டாங்க.”

“அப்படி என்ன சொன்னா?”

“அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார். பங்கேற்பாளர் சொன்னது ரகசியம்.”

“நான் அவளோட அப்பாம்மா!”

“எனக்குத் தெரியும் சார்.” பயிற்சி பெற்ற அந்த முகம் லேசாகக் கோணியது. “நீங்க அவகிட்டயே கேளுங்க சார். தயவுசெஞ்சு இன்னிக்கே கேளுங்க.”

படிவத்தார் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அடித்துப்போட்ட கட்டத்துக்குள் ஏதோ ஒன்று எழுதியிருந்திருக்கிறது, அது தனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் ஒரு கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் தவித்தது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. மகளைக் கையைப் பிடித்து வாசல் படிக்கட்டில் உட்கார்த்தி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். சான்றிதழைத் தரையில் வைத்தார்.

“பாப்பா, அந்த அக்காகிட்ட ஒரு கவலை சொன்னியாமே. என்னம்மா அது? அப்பாகிட்ட சொல்லு. அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லு.”

கேட்கும்போதே அவர் கை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. பாப்பா பேனாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கஷ்டப்பட்டுப் பரிசு வாங்கிய மனுஷரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

“நீங்களே ஏதாவது எழுதிக்கோங்கப்பா,” என்றாள். “நான் டிக் போட்டுடறேன்.”